உடல் கிடைக்காத சாவை மேடையில் காட்டுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் வட்டாரத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் இளைஞர் குழு, ஊர்த் திருவிழாவில் நடத்தவிருக்கும் நாடகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறது. கதை இது: ஆழ்கடல் தொழிலுக்குப் போன ஒருவர் புயலுக்குப் பின் திரும்பவில்லை, உடலும் கரை சேரவில்லை. மனைவி காத்திருக்கிறார். திருப்பலியும் சடங்கும் செய்து முடித்துவிடலாம் என்கிறார் மாமனார். நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கத் தாள்களைச் சேர்க்கச் சொல்கிறார் கணவரின் தம்பி. குழுவில் ஒரு சாரார் புயல் வானமும் பொங்கும் கடலும் அச்சடித்த ஃப்ளெக்ஸ் ஒன்றைப் பின்னால் கட்டிவிடலாம் என்று முன்பணமே கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் குறியீட்டு முறையில் மேடை அமைக்க விரும்புகிறார்கள். ஆனால் அது ஊர்மக்களுக்குப் புரியுமா, எந்தப் பொருளைக் குறியீடாகத் தேர்வது, திறந்தவெளி மேடையில் குறைந்த செலவில் முடியுமா என்று தயங்குகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் நாடகம் கடலைப் பற்றியது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடல் அதன் களம்தான். நீங்கள் சொல்லியிருக்கும் கதைச் சுருக்கத்தைப் படித்தால், அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் மற்றவரோடு மோதுவது ஒரே கேள்வியில்தான்: உடல் கிடைக்காதபோது ஒருவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்ய யாருக்கு உரிமை இருக்கிறது? மனைவிக்கா, தகப்பனுக்கா, திருச்சபைக்கா, அரசு அலுவலகத்துக்கா? ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லையென்றால் அவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அந்த ஏழு ஆண்டு என்ற சொல் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்துப் போன பிறகு உங்கள் கரையில் எத்தனை வீடுகளில் எப்படி ஒலித்தது என்பது உங்களுக்கே தெரியும். இந்தக் கேள்விக்கும் ஃப்ளெக்ஸில் பொங்கும் அலைக்கும் தொடர்பில்லை. பின்னால் எவ்வளவு பெரிய அலை தொங்கினாலும் அது 'இங்கே கடல் இருக்கிறது' என்று மட்டுமே சொல்லும். அதைச் சொல்ல உங்கள் ஊரில் மேடை தேவையில்லை.

ஆகவே வேலை இப்படித் தொடங்க வேண்டும். நாடகத்தின் மையக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி ஒத்திகை நடக்கும் சுவரில் ஒட்டுங்கள். பிறகு அந்த வீட்டுக்குள் உண்மையில் இருக்கக்கூடிய பொருள்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள்: வலை, மிதப்பு, ஈயக்குண்டு, மண்ணெண்ணெய்க் கேன், குடம், செபமாலை, மாதா படம், ரேஷன் அட்டை, பள்ளிக்கூடப் பை, கணவரின் சட்டை. இந்தப் பட்டியலில் எந்தப் பொருள் அந்தக் கேள்வியோடு மல்லுக்கு நிற்கிறது என்று பாருங்கள். அழகாக இருப்பதையோ சோகமாக இருப்பதையோ தேடாதீர்கள். காலி நாற்காலி, அணையும் விளக்கு, வெள்ளைச் சேலை ஆகியவை உடனே கைக்கு வருவதற்குக் காரணம், அவை எந்த நாடகத்துக்கும் பொருந்தும் என்பதே. எந்த நாடகத்துக்கும் பொருந்துவது உங்கள் நாடகத்துக்கு என்று எதையும் சொல்லாது.

இந்த முறையை நான் மேல்நாட்டு அரங்கக் கலையிலிருந்து மட்டும் எடுத்துச் சொல்லவில்லை. தொல்காப்பியம் பொருளை முதல், கரு, உரி என்று பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்தில் வாழும் பறவையும் மரமும் தொழிலும் கருப்பொருள், மனித உள்ளத்தில் நடப்பது உரிப்பொருள். கடற்கரையான நெய்தலுக்குப் பெருமணல் நிலமும் எற்பாடு என்னும் சாயும் பொழுதும் வகுத்து, இரங்கலை அதன் உரிப்பொருளாக வைத்தார்கள். நெய்தல் பாட்டுகளில் தலைவியின் துயரம் நேராகப் பேசப்படுவதைவிட, நண்டு வரைந்த கோட்டை அலை அழிப்பதிலும் தாழையின் மடலிலும் புன்னையின் நிழலிலும் அதிகமாகப் பேசப்படுகிறது. பாட்டு அந்த நண்டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். 'இது என் மனம்' என்று தலைவி சொல்வதில்லை. இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் உரையாசிரியர்கள் இதைத்தான் விரித்தார்கள். குறியீட்டு அரங்க அமைப்பின் முழு இலக்கணமும் இதில் அடக்கம்: கருப்பொருளைக் காட்டு, உரிப்பொருளைச் சொல்லாதே. அந்தப் பொருள் அந்த நிலத்துக்கே உரியதாக இருக்க வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது.

ஊர்மக்களுக்குப் புரியாது என்ற அச்சத்தை நான் ஏற்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்வையாளரைவிடக் குறியீட்டுக்குப் பழகியவர்கள் குறைவு. அம்மன் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்பவர்கள் ஒரு வில்லையும் குடத்தையும் உடுக்கையையும் மட்டும் பார்த்துக்கொண்டே காட்டையும் போரையும் கொலையையும் காண்கிறார்கள். புலவர் வீசுகோலை ஓங்கி நாணில் அடிக்கும்போது அங்கே தலை உருண்டுவிடுகிறது. தோல்பாவைக் கூத்தில் ஒரு வெள்ளைத் துணியும் பின்னால் ஒரு விளக்கும்தான் அயோத்தியும் இலங்கையும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி பார்த்தவர்களுக்கு, இருவர் கையில் பிடித்து நிற்கும் திரைச்சீலைக்கு மேலாக ஒரு கிரீடம் தெரிந்தாலே யார் வருகிறார் என்று உடல் சிலிர்க்கும். அங்கே கிடக்கும் சிறு முக்காலி சிம்மாசனமாகும், பாறையாகும், தேராகும். இவையெல்லாவற்றையும்விடக் கூர்மையான உதாரணம் சாமிதோப்பில் இருக்கிறது. அய்யா வைகுண்டரின் பதியில் பள்ளியறையில் சிலை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இருக்கிறது; வணங்க வருபவர் தலைப்பாகை கட்டிய தன்னையே அதில் காண்கிறார். தலைப்பாகை கட்டும் உரிமையே மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு ஒரு கண்ணாடியும் ஒரு துணியும் என்ன சொல்லின என்பதை எந்த விளக்கவுரையும் இல்லாமல் ஒரு சமூகமே புரிந்துகொண்டது. இப்படிப்பட்ட மக்களுக்குப் புரியாது என்று நாம் முடிவுகட்டுவது நம் சோம்பலுக்கு நாமே தேடும் சாக்கு.

வரைந்த திரைதான் 'செட்' என்ற எண்ணம் நமக்குப் பார்சி நாடகக் கம்பெனிகளின் வழியாக வந்தது. தெரு, காடு, தர்பார், கடல் என்று படுதாக்கள் மடமடவென்று இறங்கி ஏறும் அந்தப் பாணியைத் தமிழ்க் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. பின்னாளில் நவாப் ராஜமாணிக்கத்தின் குழுவும், அதற்குப் பின் ஆர். எஸ். மனோகரும் தந்திரக் காட்சிகளாலும் பிரமாண்டத்தாலும் மக்களை வாய்பிளக்க வைத்தார்கள். அதற்கென்று ஒரு கலை இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய பணமும் ஆட்களும் இல்லாமல் அதன் நிழலை ஃப்ளெக்ஸில் அச்சடிப்பதில் கலையும் இல்லை, பிரமாண்டமும் இல்லை.

ஐரோப்பாவிலும் இதே சலிப்பிலிருந்துதான் மாற்றம் பிறந்தது. வரைந்த திரைக்கு முன்னால் நிற்கும் முப்பரிமாண உடல் பொய்யாகத் தெரிகிறது என்று கண்ட சுவிஸ் அரங்க வடிவமைப்பாளர் அடால்ஃப் அப்பியா, படிக்கட்டுகளையும் சரிவுகளையும் ஒளியையும் கொண்டே மேடையை அமைத்தார். ஆங்கிலேய அரங்கக் கலைஞர் எட்வர்ட் கார்டன் கிரெய்க் 1912இல் மாஸ்கோ கலை அரங்கில் ஹாம்லெட்டுக்கு நகரும் தட்டிகளை மட்டுமே வைத்தார். பெயர்கள் நிறைய உண்டு. உங்களுக்குப் பயன்படும் இரண்டை மட்டும் நின்று பார்ப்போம்.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் 'தாய் கரேஜ்' நாடகத்தில் மேடையின் மையப்பொருள் ஒரு வண்டி. போர்ப்படைகளின் பின்னால் போய்ச் சரக்கு விற்றுப் பிழைக்கும் ஒரு தாயின் கடை அது. தொடக்கத்தில் அவளுடைய இரண்டு மகன்கள் வண்டியை இழுக்கிறார்கள். தாயும் வாய்பேசாத மகளும் மேலே அமர்ந்திருக்கிறார்கள். போர் ஒவ்வொரு பிள்ளையாகத் தின்றுவிடுகிறது. கடைசியில் கிழிந்து நொந்த அதே வண்டியைத் தாய் தனியாக இழுத்துக்கொண்டு மீண்டும் படையின் பின்னால் போகிறாள். போரை நம்பிப் பிழைப்பவர் போருக்குப் பலிகொடுக்கிறார் என்ற கருவை அந்த வண்டியே சொல்லிவிடுகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதல் காட்சியில் அந்த வண்டி குறியீடே இல்லை, வெறும் வண்டி. யார் இழுக்கிறார்கள் என்பது மாறிக்கொண்டே போவதால்தான் அது குறியீடாகிறது.

ஐரிஷ் எழுத்தாளர் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1953இல் பாரிஸில் மேடையேறியது. அதில் ஒரு நாட்டுப்புறச் சாலை, ஒரு மரம், மாலைப்பொழுது. முதல் அங்கத்தில் மொட்டை மரம். இரண்டாம் அங்கத்தில் அதில் நாலைந்து இலைகள் மட்டும். மேடையில் வேறு எதுவும் மாறவில்லை. அந்த இலைகளைப் பார்த்ததும் காலம் நகர்ந்திருக்கிறதா, நம்பிக்கை உண்டா, இல்லை இது இன்னொரு கேலியா என்று பார்வையாளர் தவிக்கிறார். உங்கள் நாடகமும் காத்திருப்பைப் பற்றியது என்பதால் இதைச் சொல்கிறேன். காத்திருப்பில் வெளியே எதுவும் நடப்பதில்லை. ஆகவே மேடையில் ஒரு பொருள் மிக மெல்ல, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி, மாறிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான், என் பதிலின் சாரமும் அதுவே. மேடையில் வெறுமனே நிற்கும் குறியீடு அலங்காரம். நடிகர் கைபட்டு, காட்சிக்குக் காட்சி நிலை மாறும் பொருளே கருவைச் சுமக்கும்.

இனி உங்கள் நாடகத்துக்கு வருகிறேன். நான் தேர்வது வலை. 'கடற்கரை நாடகத்தில் வலை என்பது எல்லாரும் செய்வதுதானே' என்று நீங்கள் கேட்கலாம். எல்லாரும் செய்வது, வலையை விதியின் கண்ணியாக்கி, கடைசிக் காட்சியில் நாயகியை அதில் சுற்றி விழவைப்பது. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மீனவருக்கு வலை கண்ணி இல்லை, சோறு. வலையை அதன் சொந்த வேலையிலிருந்தே தொடங்குங்கள்.

முதல் காட்சியில் மேடையின் நடுவே மாமனாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து கிழிந்த வலையை முடைந்துகொண்டிருக்கட்டும். வலை இருவர் மடியிலும் கிடந்து, மேடை விளிம்பு வரை தரையில் பரவியிருக்கும். நடிகர்கள் உண்மையாகவே முடையக் கற்றிருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பார்வையாளர் ஊசி பிடிக்கும் விதத்திலேயே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார். செய்தி வரும் காட்சியில் மருமகள் ஊசியை வலையின் ஒரு கண்ணில் குத்தி வைத்துவிட்டு எழுகிறாள். அந்த ஊசி நாடகம் முழுவதும் அங்கேயே நிற்கும். முடைந்த பகுதி எங்கே முடிந்து கிழிசல் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை அதுதான். யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். மாமனார் அடுத்த காட்சியில் அந்த ஊசியை எடுக்கப் போகும்போது அவள் தடுக்கும் ஒரே ஒரு அசைவு, 'சடங்கை முடித்துவிடலாம்' என்ற அவருடைய நீண்ட வசனத்துக்கு விடையாக அமையும். உங்கள் எழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் அவளுக்கு ஒரு பக்க வசனம் இருந்தால் முக்கால்வாசியை வெட்டிவிடலாம்.

மூன்றாம் காட்சியில் விசாரணைக்கும் ஆறுதலுக்கும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் உட்கார இடம் வேண்டும் என்பதால், கணவரின் தம்பி வலையைத் தரையிலிருந்து எடுத்துக் கயிறு கட்டிக் கம்புகளில் ஏற்றிவிடுகிறார். தரையில் வேலையாகக் கிடந்தது இப்போது வீட்டுக்கு நடுவே சுவராக நிற்கிறது. பார்வையாளருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில் அது வரும்படி கம்புகளை நட்டால், அடுத்து வரும் காட்சிகள் முழுவதும் அவளை வலைக்கண்கள் வழியாகத்தான் நாம் பார்க்க முடியும். ஆறுதல் சொல்ல வருபவர்கள் எல்லாரும் நம் பக்கம் நிற்பார்கள், அவள் மட்டும் அந்தப் பக்கம்.

அங்கிருந்துதான் முக்கியமான மாற்றம். விண்ணப்பம், அடையாள அட்டை நகல், படகின் பதிவுச் சான்று நகல், பங்குத்தந்தை கடிதம், புகைப்பட நகல், பத்திரிகைத் துண்டு என்று தாள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வைக்க இடமில்லாமல் அவற்றைத் துணி கிளிப்பால் வலையிலேயே தொங்கவிடுகிறார்கள். முதலில் இரண்டு தாள், அடுத்த காட்சியில் எட்டு, பிறகு முப்பது. மீன் இருக்க வேண்டிய வலை காகிதத்தால் நிறைகிறது. பெண்ணின் முகம் மெல்ல மெல்ல மறைகிறது. இறந்தாரா இல்லையா என்று முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கு நாடகம் காட்டும் நிலவரம் இதுவே: அவளுடைய துயரத்துக்கு இருந்த இடத்தைச் சான்றுகள் எடுத்துக்கொண்டன. இதை யாரும் வசனத்தில் சொல்லக் கூடாது. தாளை மாட்டுபவர்களும் கெட்டவர்களாக இருக்கக் கூடாது. அன்போடுதான் மாட்ட வேண்டும், அப்போதுதான் வலிக்கும்.

முடிவு உங்களுடையது. அவள் தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கிக் கையெழுத்திடலாம். ஊசியை எடுத்து மறுபடியும் முடையலாம். ஊசியை மகனிடம் கொடுக்கலாம். மூன்றும் மூன்று வெவ்வேறு நாடகங்கள். ஆனால் தாள்களைக் கிழித்து எறிவதை மட்டும் நான் தவிர்ப்பேன். நிவாரணம் வாங்கிய வீடுகள் உங்கள் பார்வையாளரில் இருக்கின்றன; வாங்கியது துரோகம் என்று அவர்களிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை? இதே காரணத்தால், பழைய வலை கேட்டுப் போகும்போது கடலில் ஆள் இழந்த வீட்டில் கேட்காதீர்கள். அவர்களாகக் கொடுத்தால் அது வேறு.

வலை தவிர வேறு குறியீடு வேண்டாம். ஒரு கட்டுமரத்தையும் ஒரு சிலுவையையும் பின்னால் சாய்த்து வைக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். மேடையில் ஒவ்வொரு கூடுதல் பொருளும் பார்வையாளரின் கண்ணைப் பங்கு போடும். மூன்று குறியீடுகள் உள்ள மேடையில் அவர் எதையும் முழுதாகப் பார்க்கமாட்டார்.

குறியீட்டைத் தேர்வதில் வரலாற்று அறிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் நாடகத்துக்கு வெளியே ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் மாவட்டத்தில், மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி அவ்வப்போது கல்லூரி மேடைகளில் நாடகம் போடுகிறார்கள். பெரும்பாலும் மேடை முழுக்கத் துணி தொங்கும், கடைசியில் நாயகி ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு கையை உயர்த்துவாள், கைதட்டல். இப்போது வரலாற்றைப் பாருங்கள். திருவிதாங்கூர் அரசின் 1859 ஜூலை 26 அறிவிப்பு, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்று அதிலேயே ஒரு வேலியும் போட்டது. இதை அறிந்த ஒருவர் மேடையை வேறு விதமாக அமைப்பார். மேடையின் குறுக்கே இடமிருந்து வலமாகத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கயிறு. அதில் உயர்குடிச் சேலைகள் உலர்கின்றன. மேல்சாதிப் பாத்திரங்கள் கயிற்றுக்குப் பின்னால் நிமிர்ந்து நடக்கிறார்கள். உழைக்கும் பெண்கள் முன்னால் வரவேண்டுமானால் ஒவ்வொரு முறையும் குனிந்தே கயிற்றைக் கடக்க வேண்டும். அறிவிப்பு வாசிக்கப்படும்போது கயிறு அறுந்து விழுவதில்லை. இரண்டு ஆட்கள் வந்து அதை ஒரு சாண் மட்டும் உயர்த்திக் கட்டுகிறார்கள். பெண்கள் இப்போது சற்றுக் குறைவாகக் குனிந்தால் போதும். இந்த ஒரு சாண் அந்த வரலாற்றை எந்த வசனத்தையும்விடச் சரியாகச் சொல்லும். நடிகையின் உடலைக் காட்சிப்பொருளாக்கும் சங்கடமும் இதில் இல்லை.

மலையோரப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையை நாடகமாக்குபவர்களுக்கும் இதே வழிதான். வரிசையாக நிற்கும் நாலு கம்புகளில் பால்வெட்டும் சாய்கோடு ஒவ்வொரு காட்சியிலும் சற்றுக் கீழே இறங்கினால், ஒரு மனிதரின் ஆயுள் தேய்வதை வேறு எப்படியும் காட்ட வேண்டியதில்லை.

செய்முறைக்கு வருவோம். உங்கள் மேடையில் முதல் எதிரி காற்று. கடற்கரையில் முழுத்துணி கட்டினால் அது பாயாகிக் கம்பையும் இழுத்துக்கொண்டு போகும். வலைக்கு இந்தத் தொல்லை இல்லை, காற்று கண்களுக்குள் புகுந்து போய்விடும். ஆனால் தாள்கள் படபடக்கும். மேலே ஒரு கிளிப், கீழே ஒரு கிளிப் போட்டால் பறக்காது. முழுக்க அடங்கவும் செய்யாது. அந்தப் படபடப்பை அடக்க வேண்டாம், அமைதியான இடங்களில் அது உங்களுக்கு வேலை செய்யும். கம்புக்குக் கமுகு அல்லது மூங்கில் போதும்; பந்தல்காரரிடமே கேளுங்கள். அடியை மண் நிரப்பிய எண்ணெய் டின்னில் இறக்கி, பின்னால் இரண்டு இழுகயிறு கட்டுங்கள். வலையை ஏற்றும் கயிற்றை நடிகரே இழுப்பதால், முடிச்சு ஒரே இழுப்பில் மாட்டிக்கொள்ளும்படி முன்னரே பழக வேண்டும். இந்த விஷயத்தில் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது, பார்க்கும் கோணம். திருவிழா மேடைகள் ஏறக்குறைய மார்பளவு உயரம் இருக்கும்; முன்னால் மணலில் சிறுபிள்ளைகள், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலியில் இருப்பவருக்கே மேடைத் தளம் சரியாகத் தெரியாது என்றால் மணலில் இருக்கும் பிள்ளைக்கு நடிகரின் முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆகவே முதல் காட்சியில் வலை தரையில் கிடந்தால் மட்டும் போதாது. மாமனார் ஒரு பெட்டி மீதும் மருமகள் படியிலும் உட்கார்ந்து, வலை அவர்களுக்கு நடுவே தொட்டில்போலத் தொங்க வேண்டும். ஊசி குத்தும் இடத்தைச் சிவப்பு நைலான் நூலால் முடையுங்கள். கடைசி வரிசைக்கும் தெரியும். வலையை ஏற்றும்போது அந்த இடம் நடிகையின் முக உயரத்தில் வரும்படி முதலிலேயே அளந்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒளி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஏழு கோல் அகலமும் எட்டு கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட அரங்கைச் சொல்லி, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகளையும் சொல்லி, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கு வைத்ததையும் மறக்காமல் சொல்கிறது. நிழல் எங்கே விழ வேண்டும் என்று முடிவெடுப்பது அரங்க அமைப்பில் பாதி என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்குத் தேவை அதற்கு நேர்மாறு: நிழல் விழ வேண்டும். முதல் இரண்டு காட்சிகளில் இரு பக்கமிருந்தும் சாதாரண வெள்ளை ஒளி. இரவுக் காட்சியில் முன் விளக்குகளை அணைத்துவிட்டு, பார்வையாளர் பக்கம் தாழ்வாக, வலைக்கு முன்னால் ஒரே ஒரு விளக்கை வையுங்கள். வலைக்கண்களின் நிழல் அவள் முகத்திலும் பின் சுவரிலும் விழும், தாள்களின் நிழல் பெரிய சதுரங்களாக விழும். பின்னால் வெள்ளையடித்த சுவரோ வெளிறிய துணியோ இருந்தால் போதும். வரைந்த கடல் அங்கே தொங்கினால் இந்த நிழல் செத்துப்போகும் என்பதையும் கவனியுங்கள். சாவுக்குச் சிவப்பு, கடலுக்கு நீலம் என்று வண்ணக் காகிதம் ஒட்டுவது வேண்டாம். ஹாலஜன் விளக்கு கடுமையாகச் சூடேறும். நைலான் வலை உருகும், தாள் பற்றிக்கொள்ளும். மைக் செட்காரரிடம் எல்இடி பார் (PAR) விளக்குக் கேட்டு வாங்குங்கள். ஹாலஜன்தான் கிடைத்தது என்றால் வலைக்கும் அதற்கும் ஆறேழு அடியாவது இடைவெளி விடுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு ஓர் ஆளை நிறுத்துங்கள்.

ஒலியைப் பற்றி ஒரே ஒரு சொல். பதிவு செய்த அலையோசையும் புயல் இரைச்சலும் வேண்டாம். மைக்கைக் குறைத்தால் உண்மையான கடல் கேட்கும் ஊரில் இருக்கிறீர்கள். மேலும் புயலில் ஆள் இழந்தவர்கள் முன்னிலையில் புயல் சத்தத்தை ஒலிபெருக்கியில் எழுப்புவதை நான் நாகரிகமாகக் கருதவில்லை.

விழாக் குழுவிடமும் சில விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள். மேடை முகப்பில் ஓடி ஓடி எரியும் சீரியல் விளக்கு, உபயதாரர் பெயர்ப் பலகைகள், நடுவில் நட்டு வைத்த மைக் கம்பம் ஆகிய மூன்றும் எந்தக் குறியீட்டையும் கொன்றுவிடும். விளக்கை ஒரு மணி நேரம் அணைக்கவும், பலகைகளைக் கீழே இறக்கவும், மைக்குகளை மேலிருந்து தொங்கவிடவும் சம்மதம் வாங்குங்கள். அறிவிப்பாளரிடம் இன்னும் முக்கியமான வேண்டுகோள் ஒன்று இருக்கிறது. 'இந்த நாடகத்தில் வலை என்பது…' என்று அவர் தொடங்கிவிடக் கூடாது. நல்ல மனதோடுதான் விளக்குவார். ஆனால் விளக்கிய பிறகு பார்வையாளருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது.

வலையை ஒத்திகையின் முதல் வாரத்திலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள். கடைசி நாள் வந்து சேரும் செட்டோடு நடிகருக்கு உறவு உண்டாகாது. பாதி ஒத்திகை முடிந்ததும், கதை தெரியாத இரண்டு பெரியவர்களைக் கூட்டிவந்து காட்டுங்கள். 'என்ன புரிந்தது' என்று கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. 'என்ன பார்த்தீர்கள்' என்று கேளுங்கள். ஒருவர் ஊசியைச் சொல்லலாம், இன்னொருவர் தாள்களைச் சொல்லலாம். ஒருவர் வலையைக் கல்லறைச் சுவர் என்றும் மற்றவர் கொசுவலை என்றும் சொன்னாலும் திருத்த வேண்டாம். அவர்கள் யாருமே வலையைப் பற்றிப் பேசவில்லை என்றால் மட்டும் கவலைப்படுங்கள். நடிகர்கள் அதைத் தொடாமல் நடிக்கிறார்கள் என்று பொருள்.

ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்த முன்பணத்தை விட்டுவிட வேண்டாம். கடைக்காரரிடம் பேசி, அதே தொகைக்கு நாடகத்தின் பெயரும் நாளும் நேரமும் போட்ட பேனராக மாற்றிக்கொள்ளுங்கள். பொங்கும் கடலை அதில் அச்சடித்து ஊர் முகப்பில் கட்டினால், பேருந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.